சூசையப்பர் படத்துக்குப் பின்னால்

எங்கள் வாத்தியாரம்மா யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் மலைமேல் இருந்த அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. மழை விட்டதும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் யார் வீட்டிலாவது அழுகைச் சத்தம் கேட்கும். அது வெள்ளைக்காரன் காலம், சேந்தமங்கலத்திலிருந்து மேலே வர ரோடு கிடையாது. டாக்டரைக் கூப்பிட இறங்கிப் போனவர் திரும்பி ஏறி வருவதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார். அப்படிப்பட்ட இடத்துக்கு, ஆறுதல் சொல்லத் தெரியாத ஒருத்தரை வாத்தியாராக அனுப்பி வைத்தது யார் புத்தியோ என்று என் அப்பா புலம்புவார்.

அப்பா அங்கே உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வதும், ஞானோபதேசம் நடத்துவதும், செத்தவர்களைப் புதைக்கும்போது மந்திரம் சொல்வதும் அப்பாவின் பொறுப்பு. ஆறுதல் வார்த்தை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தை செத்தால் சம்மனசாகி மோட்சத்துக்குப் பறந்துவிட்டது என்பார். கிழவர் செத்தால் கொடுத்து வைத்தவர் என்பார். நடுவயதுக்காரர் செத்தால்தான் கொஞ்சம் திணறுவார்.

வாத்தியாரம்மா திருச்சிப் பக்கத்துக்காரர். விதவை. நெடுநெடுவென்று உயரம். வெள்ளைச் சேலையின் முந்தியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் எப்போதும் நிற்பார். குரலை உயர்த்த மாட்டார், கொஞ்சவும் மாட்டார். மலைக்கு வந்து இங்கத்தியப் பேச்சில் அவர் பிடித்துக்கொண்டது 'கண்ணு', 'சாமி' என்ற இரண்டு வார்த்தைகளைத்தான். அதையும் அவர் வாயில் கேட்டால் ஆஜர் கூப்பிடுவது மாதிரிதான் இருக்கும்.

அவருடைய வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பிறை வடிவில் ஒரு தழும்பு இருந்தது. பல் தடம். கடித்தவன் எங்களோடு படித்த ஒரு பையன். அவனுடைய அப்பா பாறையில் தேன் எடுக்கப் போனவர், கயிறு அறுந்து விழுந்து செத்துவிட்டார். எடுத்து வந்தபோது முகம் பார்க்கும்படி இல்லை, அதனால் பையனுக்குக் காட்டாமலே புதைத்தார்கள். என் அப்பா அவனை மடியில் உட்காரவைத்து, உங்கப்பா சர்வேசுரன் ஊட்டுக்கு வேலைக்குப் போயிருக்கார் என்று சொல்லிவிட்டார். வேலைக்குப் போனவர் சந்தை நாளன்று திரும்பி வருவதுதானே வழக்கம்? அவன் ஒவ்வொரு சந்தை நாளும் செம்மேட்டுப் பாதையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தான். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்களே தவிர, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது சந்தை நாளில் வாத்தியாரம்மா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தோம்.

"உங்கப்பா செத்துட்டார் சாமி. மண்ணுக்குள்ள இருக்கார். இந்தப் பாதையில வரமாட்டார்" என்றார்.

அவன் வீறிட்டுக்கொண்டு அவர் கையைக் கவ்விவிட்டான். ரத்தம் வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கடித்து முடித்து, அழுது முடித்து, மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள். மறுநாள் அவன் பள்ளிக்கு வந்தான். அப்பா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஆனால் அதற்கப்புறம், எதையாவது உள்ளது உள்ளபடி தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாங்கள் எல்லாரும் அவரிடம்தான் போனோம்.

பள்ளியில் அவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். எங்களைச் சேர்ந்த யாராவது இறந்துபோனால், மறுநாள் காலை முதல் வேலையாக ஒவ்வொருவரும் எழுந்து இறந்தவரைப் பற்றி ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டும். நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நிஜமாக இருந்தால் போதும். மத்தியானக் கஞ்சி காய்ச்சிய ஆயா செத்தபோது ஒருத்தி எழுந்து, "அந்தாயா எனக்கு மட்டும் தண்ணியா ஊத்தும்" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். வாத்தியாரம்மா தலையசைத்து, சரி, அடுத்து என்றார். சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பாதிப் பேருக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அந்தக் கிழவி எங்கள் நடுவில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது போல் இருந்தது. அப்பாவின் சம்மனசுகளில் ஒன்றுகூட அப்படி வந்து நின்றதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், வாரத்தில் இரண்டு நாள், எங்களுக்குக் கொயினா மாத்திரை கொடுப்பார்கள். காய்ச்சல் அண்டாமல் இருக்கச் சாமியார் கீழேயிருந்து தகர டப்பாவில் கொண்டுவருவது. வரிசையாக நின்று வாயைத் திறக்க வேண்டும். வாத்தியாரம்மா நாக்கில் மாத்திரையை வைத்து, சொம்புத் தண்ணீர் ஒரு மடக்கு ஊற்றி, விழுங்கியதும் உள்ளங்கையில் ஒரு வெல்லக்கட்டி வைப்பார். "கசக்கும். கசக்காதுன்னு சொல்லமாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினால் வெல்லம் கிடைத்துவிடும் என்று கண்டுபிடித்தவள் நான். கொஞ்ச நேரம் கசப்பைப் பொறுத்துக்கொண்டால் போதும். பிறகு போய் என் இடத்துக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தைக் கொஞ்சம் தூக்கி, அங்கே மண்சுவரில் இருந்த பொந்தில் துப்பிவிடுவேன். வாயெல்லாம் இனிக்கும், பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பும் கூட. இந்தச் சாமர்த்தியத்தை என் பக்கத்தில் உட்கார்ந்த பாவாயிக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

பாவாயி, மலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஓர் ஊரிலிருந்து ஓடையைத் தாண்டி நடந்து வருவாள். சாமை விதைக்கிற குடும்பம். ஞானஸ்நானம் பெறாதவள், எங்கள் பள்ளியில் பாதிப் பேர் அப்படித்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பொய் சொல்லத்தான் தெரியாது. கன்னத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவள் விழிக்கிற விழியைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பழக்கிவிட்டேன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வீட்டிலும் மாத்திரை உண்டு. அப்பா வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். அதனால் பள்ளியில் துப்பினாலும் எனக்கு ஒன்றும் குறையவில்லை. பாவாயிக்குப் பள்ளியில் கிடைப்பதுதான். ஒன்பது வயதில் இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. நான் அதற்கு என்ன செய்வேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார்த்திகையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நாலாம் நாள் காலையில் ஆள் வந்து சொன்னார்கள். அப்பாவும் வாத்தியாரம்மாவும் போனார்கள். அவர்கள் வழக்கப்படி ஊருக்கு வெளியே புதைத்துவிட்டுத் திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது.

வந்ததும் வாத்தியாரம்மா பள்ளிக்கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அவருக்குப் பெருக்க வேண்டும். நானும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். சூசையப்பர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி வைப்பதற்காக, படத்தைத் துடைக்கலாம் என்று கழற்றினார். பொந்திலிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, மண்ணும் எறும்புமாக, ஒரு கை நிறைய.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நானாகவே சொல்லிவிட்டேன். அவரிடம் நிஜத்தைத் தவிர வேறு எதுவும் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், பாவாயியை நான்தான் கொன்னுட்டேனா என்று கேட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். என் அப்பா சொல்லியிருப்பார், அம்மா சொல்லியிருப்பாள், சாமியாரே சொல்லியிருப்பார். வாத்தியாரம்மா சொல்லவில்லை.

"தெரியலை கண்ணு" என்றார். "மாத்திரை சாப்பிட்டவங்களும் செத்திருக்காங்க. சாப்பிடாதவங்களும் பொழைச்சிருக்காங்க. வாயைத் தெறந்து பாக்காம வெல்லத்தைக் குடுத்தவ நான். எனக்குத் தெரியலை."

பிறகு மாத்திரைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டார். என்னை அணைத்துக்கொள்ளவில்லை. நான் பெருக்கி முடிக்கிற வரைக்கும் கூடவே நின்றார்.

மறுநாள் காலை ஒவ்வொருவராக எழுந்து பாவாயியைப் பற்றி நிஜம் சொன்னார்கள். அவள் ஓடையைத் தாண்டும்போது பாவாடையைத் தலையில் போட்டுக்கொள்வாள் என்றான் ஒருவன். ஒரு தடவை தன் சிலேட்டுப் பலகையை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் அடி வாங்கினாள் என்றாள் இன்னொருத்தி. வரிசை என்னிடம் வந்தது. நான் எழுந்தேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருந்தது, தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. வாத்தியாரம்மா என்னைப் பார்க்காமலே, "நீ உக்காரு" என்றார். அடுத்தவனைக் கூப்பிட்டார். அந்த வழக்கத்தில் அவர் ஒருத்தரை விட்டுத் தாண்டியது அன்றைக்கு மட்டும்தான். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. அவமானமாகவும் இருந்தது.

கருமாதி முடிந்த பிறகு பாவாயியின் ஊரார் பள்ளிக்கு வந்தார்கள். முன்னால் ஊர்க்கவுண்டர், பின்னால் பத்துப் பதினைந்து பேர், நடுவில் பாவாயியின் அம்மா. வெள்ளைக்காரன் மாத்திரை உடம்புக்குச் சூடு, அதுதான் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று ஊருக்குள் பேச்சு. அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வந்திருப்பதாகக் கவுண்டர் மரியாதையாகவே சொன்னார். நாங்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்றோம். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கவுண்டர் கேட்பார் என்று நினைத்தோம். பாவாயியின் அம்மாதான் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, எம்புள்ள அந்த மாத்திரைய முழுங்குனாளுங்களா?"

அவர் என்ன சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாறையிலிருந்து விழுந்து செத்தவரின் மகனிடமே மறைக்காதவர். அன்றைக்குப் பொறுக்கிய மாத்திரைகளை இன்னும் முந்தியில்தான் முடிந்து வைத்திருந்தார், அவிழ்த்துக் காட்டினால் போதும், மாத்திரை கொல்லவில்லை என்று ஊருக்கே விளங்கிவிடும். பள்ளிக்கூடமும் பிழைத்துவிடும். அடுத்தபடியாக, இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கவுண்டர் கேட்பார். அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள்.

வாத்தியாரம்மா இடுப்பு முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"முழுங்கினா. என் கையாலதான் குடுத்தேன். ஒரு நாளும் அடம்புடிக்கலை."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பாவாயியின் அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிங்க என்று திரும்பி நடந்தாள். ஊரார் பின்னால் போனார்கள். மறுநாளிலிருந்து பெரக்கரை நாட்டுப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கு வரவில்லை. நாங்கள் உட்காரும் பாய் பாதி காலியாகிவிட்டது. வாத்தியாரம்மா பள்ளி விட்டதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வீடு வீடாகப் போய் நின்றார். படலைச் சாத்தினார்கள். இரண்டொரு வீட்டில், யாரிடமும் சொல்லாதீங்க என்று வாங்கிக்கொண்டார்களாம். அந்தக் காய்ச்சல் காலத்திலேயே அந்த ஊரில் இன்னொரு குழந்தை போனது. பள்ளிக்கே வராத, நடை பழகுகிற குழந்தை. அதற்கும் அவர் சொன்ன பொய்க்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், அவர் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்ல வேண்டும். தெரியவில்லை. ஆனால் அந்தச் சேதி வந்த அன்று அவர் பள்ளிக்கூடத்தை இரண்டு தடவை பெருக்கினார்.

மாதம் பிறந்து சாமியார் வந்தார். பூசைக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தோம். எனக்கு அது முதல் தடவை, கிறிஸ்துமஸுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகப் பூசை அப்பம், வாங்கவேண்டியவள். நான் மாத்திரை விஷயத்தை அழுதுகொண்டே சொன்னேன். சாமியார் இளகிப்போய், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாய் என்று மன்னிப்புக் கொடுத்து மூன்று பிரியதத்த ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்று. நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் வாத்தியாரம்மா போனார். நெடுநேரம் ஆனது. பூசையில் நன்மை வாங்க எல்லாரும் எழுந்து போனபோது, அவர் மட்டும் முழங்காலில் இருந்த இடத்திலேயே இருந்தார். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வராது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வயது வந்த பிறகு நானாகக் கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். பொய்யால் ஊருக்குக் கெடுதல் நேர்ந்திருந்தால், அந்தப் பொய்யைத் திருத்தினால்தான் மன்னிப்பு. திருத்த வேண்டுமென்றால் ஊர் முன்னால் போய்ப் பாவாயியின் பெயரையும் என் பெயரையும் சொல்ல வேண்டும். அவர் மாட்டேன் என்றிருப்பார். எனக்குப் புதுநன்மைக்குத் தலைவாரிவிட்டவர் அவர். முக்காட்டைச் சரிசெய்து, கையைக் கூப்பவைத்து, பீடத்துக்கு முன்னால் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, தான் பின்னால் நகர்ந்துகொண்டார். அந்த அப்பம் என் நாக்கில் பட்டபோது எனக்கு மாத்திரைதான் ஞாபகம் வந்தது. விழுங்கினேன்.

அடுத்த வருஷம் பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். மாத்திரை கொடுத்ததும் வாத்தியாரம்மா ஒவ்வொருவர் வாயிலும் விரல் விட்டுப் பார்த்தார். இன்னும் நாலு வருஷம் இருந்தார். ஒரு தடவைகூட அவர் நன்மை வாங்கப் போகவில்லை. என்ன பாவம் செய்தாளோ என்று கோயிலிலேயே காதோடு காதாகப் பேசினார்கள். பேசியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவருக்கு இருமல் முற்றி, டோலியில் வைத்து இறக்கினார்கள். கிளம்புவதற்கு முன்னால் நான் அவரிடம், இப்போதாவது நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். எனக்குப் பதினாலு வயது.

"எனக்காகச் சொல்லாத. சொல்லிட்டுத் தாங்கிக்க முடியும்னு உனக்குத் தோணுற அன்னிக்குச் சொல்லு. அன்னிக்கும் அந்தம்மா மனசு ஆறும்னு நெனைச்சுக்கிட்டுப் போகாத" என்றார். நல்லாயிரு என்றுகூடச் சொல்லாமல் டோலியில் ஏறிக்கொண்டார். சில மாதத்தில் கீழே இறந்துபோனதாகச் சேதி வந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் சாமியார் இருந்தாரா, சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் கிடைத்ததா என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா, அதெல்லாம் கிடைத்திருக்கும் என்றார். அப்பாவின் ஆறுதலை நான் என்றைக்கு நம்பினேன்?

யுத்தம் முடிந்த வருஷம், எனக்குக் கலியாணம் நிச்சயமாகிக் கீழே போக வேண்டிய நேரத்தில், ஓடையைத் தாண்டிப் போனேன். பாவாயியின் அம்மா முற்றத்தில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உபதேசியார் மகள் என்றதும் தெரிந்துகொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் ஒதுக்கியது, பொந்து, முந்தியில் முடிந்த மாத்திரைகள், எல்லாம். அவள் உலக்கையை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு. காய்ச்ச கண்டு கெடந்தப்ப துணி மாத்துனேன். பாவாட முடிச்சுல நாலு மாத்திரை இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

பிறகு எதற்காக ஊர் முன்னால் அப்படிக் கேட்டீர்கள் என்றேன்.

"கவுண்டரு கேட்டா, அந்தம்மா எம்புள்ளைய கள்ளின்னு சொல்லிப்புடுமோன்னு பயம். நானே மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். முழுங்குனான்னு சொல்லுச்சு. சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு, அதுக்கும் எல்லாந் தெரியும்னு." பிறகு சொன்னாள்: "நானாச்சும் பொறவு சொல்லியிருக்கலாம். சொன்னா, எம்புள்ள போனது எம்புள்ளையாலேன்னு ஆயிருமில்ல."

அந்தப் பொய்யால் வாத்தியாரம்மாவுக்கு நேர்ந்ததை அப்போதுதான் சொன்னேன். நன்மை என்றால் அவளுக்குத் தெரியவில்லை. பூசையில் சாமியார் எல்லாருக்கும் அப்பம் கொடுப்பார், பொய் சொன்னதால் அவருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று, நாலு வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தார் என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன்.

அவள் முகம் மாறிப்போனது.

"அந்தம்மா பசியோடவா கண்ணு போச்சு?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நாலு வருஷத்துக்கு மேல பசியோடதாங்க இருந்தாங்க. கடைசியில என்ன ஆச்சுன்னு தெரியலீங்க" என்றேன்.

அவள் உள்ளே போய் உலை வைத்தாள். சாமைச் சோறு வெந்ததும் இரண்டு இலையோடு வெளியே வந்தாள். அவர்கள் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். அந்தம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் அவரிடம் படித்தும், அவர் கையில் நான் பார்த்த தின்பண்டம் எங்களுக்குக் கொடுத்த வெல்லம் ஒன்றுதான். அதைச் சொன்னேன். பாவாயியைப் புதைத்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டு, இரண்டிலும் சோறும் வெல்லமும் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

ஞானஸ்நானம் பெற்றவள் இப்படிப் படையலைக் கும்பிடுவது பாவம் என்று எனக்கு அப்பா பாடம் நடத்தியிருக்கிறார். அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.